நாலு மூலை வீடு

அத்தியாயம் 14

போன வாரம் எல்ஸ்பெத்தை எங்கே விட்டோம்? விடிந்தும் விடியாத நேரத்தில், அடுப்பில் ஆட்டுக் கொழுப்பு உருகும் வாடை தாங்காமல் மகள் ஃப்ளோரா கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால் ஓடியதை, கையில் கரண்டியோடு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில்.

ஐந்து பெற்று இரண்டை மட்டும் வளர்க்கக் கொடுத்துவைத்தவள் எல்ஸ்பெத். ஒரு பெண் எதற்காக அப்படி ஓடுவாள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டியை வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் பின்னாலேயே போனாள்.

அதுவும் இன்றைக்கா? நில இன்ஸ்பெக்டர் வருகிற இன்றைக்கா?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கில்மோரிப் பண்ணையின் முதலாளி டங்கன் ராட்ரே ஒரு காலத்தில் காலையில் குதிரை ஏறினால் இருட்டும்வரை தன் மண்ணிலேயே போகக்கூடியவராக இருந்தார். காலனி அரசாங்கம் பெரிய பண்ணைகளைத் துண்டு போட்டு, வந்தவர்க்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு என்று திறந்துவிட்டது. எடுத்தவர் அந்தத் துண்டிலேயே மூன்று வருஷம் குடியிருக்க வேண்டும், அப்போதுதான் பட்டா. டங்கன் என்ன செய்தார்? நான்கு துண்டுகள் ஒன்றையொன்று தொடும் புள்ளியைத் தேடிப் பிடித்தார். தன் பெயரில் ஒன்று, மகன் ஈவன் பெயரில் ஒன்று, விதவை அக்கா ஜீன் பெயரில் ஒன்று, ஃப்ளோரா பெயரில் ஒன்று. அந்தப் புள்ளிமேல் ஒரு பலகை வீடு கட்டி, தரையில் சுண்ணாம்பால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு, மூலைக்கு ஒரு கட்டில் போட்டார். ஒரே கூரைக்குக் கீழே நாலு பேரும் அவரவர் நிலத்தில் தூங்கினார்கள். சட்டத்துக்கும் திருப்தி, டங்கனுக்கும் திருப்தி. மேட்டிலிருந்த பெரிய கல்வீடு பூட்டிக் கிடந்தது.

எல்ஸ்பெத்துக்கு மூலை கிடையாது. மனைவி என்பவள் கணவன் வசிக்கும் இடத்தில் வசிப்பவள். அவளுக்கென்று தனி இடம் எதற்கு என்றது சட்டம். நடுவில் போட்ட மேஜையில் நாலு பேரும் அவரவர் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தட்டுத் தூக்கிக்கொண்டு நாலு நிலத்திலும் நடப்பவள் அவள்தான்.

பண்ணையின் உயிரான மடு இருந்தது ஃப்ளோராவின் துண்டில். அதையும் டங்கன் யோசித்துத்தான் செய்தார். மகன் தங்கம் தோண்ட ஓடிப்போனாலும் போவான். அக்காவுக்கு வயசாகிவிட்டது. ஃப்ளோரா மட்டும் எங்கேயும் போகமாட்டாள் என்று முடிவுகட்டினார். பெண்ணைப் பற்றி இப்படி ஒரு முடிவை அப்பாக்களால்தான் கட்ட முடியும்.

அந்த மடுவில் ராட்ரேயின் ஆடுகள் வாய் வைப்பதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் குடித்த பூர்வகுடி ஜனங்கள் இருந்தார்கள். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிஷன் கொட்டகைகளில், அளந்து கொடுக்கும் மாவுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மழை பொய்த்து இரண்டாவது வருஷம். ஆறு மணலாகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் என்று மிச்சமிருப்பது அந்த மடு ஒன்றுதான். அதற்குத்தான் பக்கத்துத் துண்டுக்காரர் கிழவர் டெவ்லின் குறிவைத்து, ராட்ரே குடும்பம் உண்மையில் அங்கே வசிக்கவே இல்லை என்று ஆட்சேபணை கொடுத்திருந்தார். பட்டாவுக்கு இன்னும் இரண்டே மாசம்.

கொட்டகைக்குப் பின்னால் ஃப்ளோரா வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அம்மா எதிரில் நின்றாள்.

"எத்தனை மாசம்டி?"

ஃப்ளோரா மறைக்கவில்லை. "நாலு."

"யாரவன்?"

"அவன் இவன்னு சொல்லாதேம்மா. என் புருஷன்."

எல்ஸ்பெத் அவசரமாகத் திரும்பி வீட்டுக் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. "புருஷனா?"

"கம்பளி வெட்டு முடிஞ்ச வாரம். ஊர் ஊராப் போற சாமியார் அவங்க வீட்டுக்குப் பூசை வைக்க வந்தாரில்ல? அப்பக் கட்டி வச்சார்."

சாமியார் பூசை வைக்க வரும் வீடு அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். ராட்ரே குடும்பம் பைபிளும் சங்கீதமுமாக இருக்கிற ஸ்காட்லாந்துச் சபைக் குடும்பம். ஜெபமாலை உருட்டுகிற கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள் டெவ்லின் வீட்டார்.

"கோர்மக் டெவ்லினா? அடிப்பாவி! உங்கப்பன் குடலை உருவ நிக்கிற வீடுடி அது!"

"குடலை உருவறது அவரோட அப்பா. அவர் இல்ல."

"தண்ணிக்காகக் கட்டியிருக்கான். மடு உன் பேர்ல இருக்குன்னு கட்டியிருக்கான். இதுகூடவா தெரியல உனக்கு?"

"இல்லம்மா."

"என்ன இல்ல? கல்யாணமானவ புருஷன் இருக்கிற இடத்துல இருக்கிறவ. உன் பேர்ல இருக்கிற துண்டு செல்லாது. அடுத்த நாளே அந்தக் கிழவன் வேலி போட்டுடுவான்."

"அதுதான் சொல்லாம இருக்கேன்." ஃப்ளோரா இடுப்புக்கு மேலே உடுப்பை இழுத்து இறுக்கினாள். "ரெண்டு மாசம் இறுக்கிக் கட்டிக்கிறேன். பட்டா வரட்டும், அப்பா ஆடு பிழைக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

"வயிறு கேக்குமாடி உன் பேச்சை?" என்றாள் எல்ஸ்பெத். "அவனுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது. பார்த்தே ஆறு வாரம் ஆச்சு."

அதற்குள் மடுப் பக்கமிருந்து குதிரைச் சத்தம் கேட்டது. ஃப்ளோரா வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

டங்கன் இடுப்புவரை சேறோடு வந்து இறங்கினார். தண்ணீருக்கு ஓடும் ஆடுகள் கரைச் சேற்றில் கால் மாட்டிக்கொண்டு நின்ற நிலையிலேயே சாகும். உயிரோடு இருக்கும்போதே காக்கை கண்ணைக் கொத்தும். தினமும் விடிவதற்கு முன்னால் போய்க் கயிறு போட்டு இழுப்பதுதான் அவர் வேலையாகிவிட்டது. முன்பு வேலைக்காரர்கள் செய்தார்கள். இப்போது முதலாளியும் மகனும்.

அவர் படியில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. எல்ஸ்பெத் குனிந்து இழுத்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஃப்ளோராவைப் பத்தி."

"அவளுக்கென்ன? தங்கம் அது. இந்த வீட்டுல பேச்சுக் கேக்கிற ஒரே ஜீவன்." அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "நேத்து மீதிக் குட்டிங்களையும் அடிச்சுப் போட்டுட்டேன் எல்ஸ்பெத். தடியாலதான். தோட்டா வீணாக்க முடியாதில்ல. பால் குடிக்கிற வரைக்கும் தாய் தேறாது. குட்டி போனா தாயாவது பிழைக்கும்."

எல்ஸ்பெத்தின் கை பூட்ஸிலேயே நின்றது.

"ரெண்டு மாசம்," என்றார் டங்கன். "ரெண்டே மாசம் தாக்குப்பிடிச்சா கரையேறிடுவோம். அப்புறம் ஃப்ளோரா யாரைக் கைகாட்டினாலும் கட்டி வைக்கிறேன். டெவ்லின் வீட்டு நாயைத் தவிர." அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. "நீ என்னமோ சொல்ல வந்தியே?"

சேற்றில் ஊறி வெடித்த அந்த விரல்களைப் பார்த்து அவளால் எதைச் சொல்ல முடியும்?

"சட்டையை மாத்திக்கோங்க," என்றாள். "இன்ஸ்பெக்டர் வந்துடுவார்."

இன்ஸ்பெக்டர் பில்பீம் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வயிற்று உபாதைக்காரர். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. கொதிக்கவைத்த வெந்நீர்தான் கேட்டார். அவருக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கோர்மக் டெவ்லின் உள்ளே நுழைந்தான்.

டங்கன் எழுந்தேவிட்டார். "இவன் எதுக்கு என் வீட்டுக்குள்ள?"

"ஆட்சேபணை கொடுத்தவங்க தரப்புல ஒருத்தர் கூட இருக்கலாம், மிஸ்டர் ராட்ரே. பெரியவருக்கு முழங்கால் வலியாம். மகனை அனுப்பியிருக்கார்."

தன் மூலையில் கட்டிலோரமாக நின்ற ஃப்ளோராவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை எல்ஸ்பெத் மட்டும் பார்த்தாள். கோர்மக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பத்து விரலும் தொப்பியின் விளிம்பில்.

பில்பீம் கட்டில் கட்டிலாகப் போனார். மெத்தையை அழுத்தினார். போர்வையை முகர்ந்தார். மெழுகுவர்த்தி எரிந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார். ஜீனின் தலையணைக்குக் கீழே கை விட்டபோது அவள் சும்மா இருப்பாளா?

"என்ன தேடறீங்க ஐயா? எம்புருஷனையா? செத்துப் பல வருஷம் ஆச்சு. கெடச்சா எனக்கும் சொல்லுங்க."

"முடி தேடறேன் அம்மா. தினம் படுக்கிற தலையணையில முடி இருக்கும்."

"முடியா? எந்தலையிலேயே இல்லையே, தலையணைக்கு எங்க போவேன்?"

ஈவன் பக்கென்று சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர்கூட உதட்டைக் கடித்தார். டங்கன் சிரிக்கவில்லை. ஃப்ளோராவும் கோர்மக்கும் சிரிக்கவில்லை.

கட்டில்களில் குறை இல்லை. நாலு பேரும் உண்மையாகவே கிட்டத்தட்ட மூன்று வருஷமாக அங்கேதான் தூங்கினார்கள். பில்பீம் மேஜையில், நாலு நிலமும் சேரும் இடத்தில், பைபிளை வைத்தார்.

ஈவன் கை வைத்தான். ஜீன் வைத்தாள். டங்கன் வைத்தார். கேள்வியும் பதிலும் மளமளவென்று முடிந்தன.

"நீங்க வாங்கம்மா."

ஃப்ளோரா வந்தாள். கையை வைத்தாள்.

"நிலம் எடுத்த நாள்லேர்ந்து இங்கேயேதான் வசிக்கிறீங்களா?"

"ஆமா."

"நடுவுல கல்யாணம் எதுவும் ஆகலையே?"

இன்ஸ்பெக்டருக்கு இது எழுதிவைத்த கேள்வி. எத்தனையோ பெண்களிடம் கேட்டிருப்பார். பதில் வருவதற்குள்ளேயே பேனாவை மையில் தொட்டுவிட்டார்.

மடுப் பக்கமிருந்து ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. குட்டியைத் தேடும் தாய்கள். நேற்று முழுக்க அப்படித்தான் கத்தின. டங்கன் தலையைக் குனிந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஜெபம் செய்கிறார் என்று எல்ஸ்பெத்துக்குத் தெரியும். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவருடைய கையைப் பார்த்தாள்.

"ஆகல," என்றாள் ஃப்ளோரா.

பில்பீம் எழுதி முடித்த பிறகும் ஃப்ளோரா கையை எடுக்கவில்லை. அவர்தான் மெதுவாகப் புத்தகத்தை உருவினார்.

"ஆட்சேபணை தரப்புல என்ன சொல்றீங்க?"

அறையில் எல்லோரும் கோர்மக்கைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. அந்த வார்த்தை வந்தால் பொழுது சாய்வதற்குள் மடு அவன் அப்பாவுக்கு. அவன் வாயைப் பார்த்தபடியே எல்ஸ்பெத் நின்றாள். சொல்லப்போகிறான், இதோ சொல்லப்போகிறான்.

"ஒண்ணுமில்ல ஐயா," என்றான் கோர்மக்.

"நல்லா யோசிங்க. உங்கப்பா ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்."

"அவருக்குக் கோபம் ஜாஸ்தி. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பில்பீம் காகிதங்களை மடித்தார். "வழக்கமாச் சொல்றதைச் சொல்லிடறேன். நாளைக்கு டவுன்ல கோர்ட்டுல இதை ஒப்படைப்பேன். அதுவரைக்கும் சொன்னதுல திருத்தம் இருந்தா திருத்திக்கலாம், தப்பில்ல. ஒப்படைச்ச பிறகு பொய்னு தெரிஞ்சா, ஆணானாலும் பொண்ணானாலும் ஜெயில்தான்."

"இங்க யாரு ஐயா பொய் சொல்றா!" டங்கன் மேஜையைத் தட்டினார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவர் குரல் நிமிர்ந்திருந்தது. ஃப்ளோராவின் தோளை அணைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா எம்பொண்ணை!" என்றார். "எல்ஸ்பெத்! மேட்டு வீட்டுலேர்ந்து அந்த நல்ல கிளாஸெல்லாம் எடுத்துட்டு வா. ஒரு வாய் விஸ்கி குடிக்காம இவரை விடப்போறதில்ல."

அப்பாவின் கைக்குள் ஃப்ளோரா மரக்கட்டையாக நின்றாள்.

எல்ஸ்பெத் வெளியே வந்தாள். மேட்டுப் பாதையில் திரும்பவில்லை. குதிரை கட்டும் இடத்தில் கோர்மக் சேணத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் பக்கத்தில் போனதும் நிமிர்ந்தான். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. கண் சிவந்திருந்தது.

"ஏன் சொல்லல?" என்றாள் எல்ஸ்பெத்.

அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "என்னத்தைச் சொல்லச் சொல்றீங்கம்மா? நான் வாயைத் திறந்தா தண்ணிக்காகத் திறந்தேன்னு அவ சாகிற வரைக்கும் நெனப்பா. நீங்களும் அப்படித்தானே நெனச்சிருப்பீங்க?"

நினைத்தாள்தான். காலையில் வாய்விட்டே சொன்னாள்தான். எல்ஸ்பெத்துக்கு வெட்கமாக இருந்தது.

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோ தம்பி. பட்டா வந்ததும் மறுபடியும் எங்க சபையில கட்டிக்கலாம்."

"மறுபடியும் எப்படிம்மா? சாமி முன்னால ஒரு தடவை கட்டினேன். இன்னொரு தடவை கட்டினா மொதல்ல கட்டினது பொய்னு ஆகும். அவ பொய்ன்னுட்டா. என்னால முடியாது." அவன் கடிவாளத்தை அவிழ்த்தான். "போகட்டும். அவளுக்கு அவங்கப்பா ஆடு முக்கியம். ஒரு ஆளைத்தானே இல்லேன்னு சொன்னா. நான் தாங்கிக்குவேன்."

"ஒரு ஆளில்ல," என்றாள் எல்ஸ்பெத்.

அவன் திரும்பினான்.

"நாலு மாசம்."

கடிவாளம் அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குதிரை இரண்டடி நகர்ந்தது, அவன் பிடிக்கவில்லை. வீட்டுக் கதவைப் பார்த்தான். ஒரு அடி எடுத்துவைத்தான். நின்றுவிட்டான்.

"நான் போய்ச் சொன்னா டெவ்லின் மகன் தண்ணியைத் திருடினான்னு ஆகும். சொல்லாம விட்டா எம்புள்ளைக்கு அப்பன் இல்லைன்னு ஆகும். நாளைக்கு அவர் ஒப்படைச்சிட்டா அவ நெனச்சாக்கூட என்னைப் புருஷன்னு சொல்ல முடியாது. சொன்னா ஜெயிலு." அவள் பக்கம் திரும்பினான். "நான் என்ன பண்ணட்டும்மா? நீங்களே சொல்லுங்க."

அவள் என்ன சொல்வாள்? மடு போனால் வாரத்துக்குள் மந்தை போய்விடும். மந்தை போனால் டங்கன் போய்விடுவார். அந்த மனிதர் கொஞ்ச நாளாகத் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வைப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர். கடல் தாண்டிக் கூடவே வந்தவர். மூன்று குழந்தைகளுக்கு இந்த மண்ணில் அவள் பக்கத்தில் நின்று குழி வெட்டியவர். அவரை எப்படிச் சேற்றில் தள்ளுவாள்?

வீட்டுக்குள்ளிருந்து டங்கனின் சிரிப்பு கேட்டது. மடுப் பக்கமிருந்து தாய் ஆடுகள் விடாமல் கத்தின.

குட்டி போனா தாயாவது பிழைக்கும் என்றாரே. இந்தத் தாய்கள் பிழைத்த லட்சணம் இதுதானா? எல்ஸ்பெத்துக்குக் கோபம் வந்தது. வறட்சிமேல், சட்டத்தின்மேல், சுண்ணாம்புக் கோட்டின்மேல், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு தட்டுத் தூக்கிய தன்மேல் கோபம் கோபமாக வந்தது.

"நீ குதிரையைப் பிடி," என்றாள் அவனிடம். "எங்கேயும் போயிடாதே."

கதவு திறந்தது. "கிளாஸுக்கெல்லாம் நேரமில்லை, டவுனுக்கு இருட்டறதுக்குள்ள போகணும்," என்று சொல்லிக்கொண்டே பில்பீம் இறங்கி வந்தார். டங்கன் கையில் பாட்டிலோடு பின்னால் வந்து படியில் நின்றார். அவர் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால், கதவு இடுக்கில், ஃப்ளோரா.

இன்ஸ்பெக்டர் பையைச் சேணத்தில் கட்டி, ஒரு காலை வளையத்தில் வைத்தார். எல்ஸ்பெத் நேராகப் போய் அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"என்னம்மா?"

"என்ன எல்ஸ்பெத், கிளாஸ் எங்கே?" என்றார் டங்கன்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். இனி அதைப் பார்க்கக் கிடைக்குமோ கிடைக்காதோ.

"அம்மா, வேணாம்!" என்று உள்ளேயிருந்து ஃப்ளோரா கத்தினாள்.

எல்ஸ்பெத் கடிவாளத்தை விடவில்லை.

"ஐயா," என்றாள். "வீட்டுல இருக்கிற எல்லார்கிட்டயும் கேட்டீங்க. எங்கிட்ட நீங்க ஒண்ணுமே கேக்கலையே."